எடுத்த தேதி

வொர்க்‌ஷாப்பில் என்னை பாய்லர் என்று கூப்பிடுவார்கள். என் ஜீப்பை அல்ல, என்னை. முகத்துக்கு நேரே சொல்ல எவனுக்கும் தைரியம் கிடையாது. முதுகுக்குப் பின்னால் சொல்வது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முப்பத்து நான்கு வருடம் மலை உச்சிகளில் நிற்கும் தொலைபேசிக் கோபுரங்களைப் பழுது பார்த்தவன் நான். காற்றில் கத்திப் பேசிப் பேசித் தொண்டை அப்படி ஆகிவிட்டது. அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்வது? சரி, கோபமும் உண்டு. இல்லை என்று சொல்லவில்லை.

ஜீப்புக்கு இருபத்தாறு வயது. நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய டீசல் வண்டி. கோபுர வேலைக்காக வாங்கியது. ஓய்வு பெற்ற பிறகும் அதை நான் விற்கவில்லை, வேறு யாரையும் அதன் மேல் கை வைக்க விட்டதுமில்லை.

ஜனவரி மாதம் என் மனைவி தன் தம்பி வீட்டுக்குப் போனாள். மலைக்கணவாய்க்கு அந்தப் பக்கம், நான்கு மணி நேரப் பயணம். அன்று நான் மேசையில் ஒரு பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். அவள் சமையலறை வாசலில் நின்று ஏதோ சொன்னாள். நான் "ம்" என்றேன். பிறகு இன்னும் ஏதோ சொன்னாள். அதற்கும் "ம்" என்றேன். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இரண்டு நாளில் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து மச்சான் போன் செய்து, "அக்கா இங்கேயே இருக்கேன்னு சொல்றாங்க அத்தான்" என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. இருக்கட்டும், நன்றாக இருக்கட்டும் என்று போனை வைத்தேன். அதன் பிறகு மூன்று மாதம் நான் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

மூன்று மாதம் தனியாக இருப்பது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு தட்டு, ஒரு தம்ளர். கழுவி வைத்தால் அதே தட்டு, அதே தம்ளர். பின்னால் மச்சான் ஆள் விட்டு எடுத்துப்போன அவளுடைய தையல் மிஷின் நின்ற இடத்தில் தரையில் நான்கு வட்டத் தடம். பெருக்கும்போது அந்த நான்கையும் சுற்றித்தான் பெருக்குவேன். ரேடியோவைச் சரி செய்து முடித்தேன். அருமையாகப் பாடியது. அதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

மார்ச் கடைசியில் வெயில் ஏற ஆரம்பித்தது. ஜீப்பின் சூடு காட்டும் முள்ளும் கூடவே ஏற ஆரம்பித்தது. குளிர்காலம் முழுக்க நடுவில் சாதுவாக நின்ற முள். இப்போது ஒரு சின்ன மேட்டில் ஏறினாலே முக்கால் பங்குக்குப் போய் நிற்கிறது. பழைய வண்டி சூடாகிறதென்றால் காரணங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவைதான். நான் வரிசையாகப் பார்த்தேன். ஃபேன் பெல்ட் தளர்ந்திருந்தது, மாற்றினேன். சூடேறினால் தண்ணீருக்கு வழி திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி டீ போடும் பாத்திரத்தில் கொதிக்கும் நீரில் தொங்கவிட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் திறந்தது. இருந்தாலும் புதிது போட்டேன். ரேடியேட்டர் மூடியின் ரப்பரில் விரிசல் இருந்தது, அதையும் மாற்றினேன். வாட்டர் பம்ப்பை மாற்றினேன். பழைய கூலண்டை வடித்து, நான்கு முறை கழுவி, புதிதாக ஊற்றினேன். முள் பழையபடி ஏறியது.

பம்ப் வாங்கப் போனபோது வொர்க்‌ஷாப்காரர் கேட்டார்.

"முன்பக்கம் கிரில்லைக் கழட்டி ஒரு தடவ பாத்துடலாமா சார்? பூச்சி, வைக்கோலு ஏதாவது அடைச்சிருக்கும். ஒரு நாள் வண்டிய விட்டுட்டுப் போங்க."

"முன்பக்கம் என்ன இருக்கு? வெறும் காத்து. நான் பாக்காத மெஷினா?"

"இல்ல சார், பொதுவா சொன்னேன்."

"பொதுவா எல்லாம் சொல்லாதே. பம்ப்ப எடு."

அவர் பம்பை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். உள்ளே யாரோ சிரித்தார்கள். பாய்லர் என்ற சொல்லும் காதில் விழுந்தது.

ஏப்ரல் பதினான்காம் தேதி காலை மச்சான் போன் செய்தான்.

"அத்தான், அக்கா இன்னைக்கு நாலு பத்து ரயிலுக்குக் கெளம்பறாங்க. மக வீட்டுக்கு. திரும்பி எப்ப வருவாங்கன்னு தெரியல. வருவாங்களான்னும் தெரியல. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. பேசணும்னா நேர்ல வந்து பேசுங்க."

"போன குடு அவகிட்ட."

"வேணாம் அத்தான். போன்ல நீங்க பேசினா அது சண்டையிலதான் முடியும். நேர்ல வாங்க."

எங்கள் மகள் இருப்பது கடல் தாண்டி, ரயிலில் போய் விமானம் ஏற வேண்டும். அங்கே போனவர்கள் பேரன் பேத்தி என்று உட்கார்ந்துவிடுவார்கள். காலை பஸ் போய்விட்டது, அடுத்தது மாலையில்தான். எப்படியும் அவளையும் தையல் மிஷினையும் ஏற்றிக்கொண்டு வர ஜீப் வேண்டும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவள் வருவாள் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. பின்சீட்டைத் துடைத்தேன். முன்சீட்டில் ஒரு குஷன் போட்டேன். தேய்த்து வைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். ரேடியேட்டரில் தண்ணீர் விளிம்பு வரை இருக்கிறதா என்று பார்த்தேன். இரண்டு கேன் தண்ணீர் எடுத்துக்கொண்டேன். பதினோரு மணிக்குக் கிளம்பினேன்.

சமவெளியில் ஒரு குறையும் இல்லை. வழி நெடுக அவளிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். முதலில் பெரிதாக ஒரு பேச்சு தயார் செய்தேன், அதில் பாதி அவள் மேல் குற்றச்சாட்டு. அதைக் கொஞ்சம் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். கடைசியில் மிஞ்சியது, "வா, போகலாம்" என்ற இரண்டு சொல்தான். அது போதும் என்று தோன்றியது.

கணவாய் ஏற்றம் தொடங்கியதும் முள் நகர்ந்தது. பக்கத்துச் சீட்டில் அவள் இருந்தால் "ஏறுது" என்பாள். சாலையைப் பார்க்க மாட்டாள், மலையைப் பார்க்க மாட்டாள், முள்ளைத்தான் பார்ப்பாள். "எனக்கும் கண்ணு இருக்கு" என்று நான் எரிந்து விழுவேன். பத்து நிமிடம் சும்மா இருப்பாள். பிறகு மெதுவாக, "இன்னும் ஏறுது" என்பாள். அன்று குஷன் மட்டும் இருந்தது. நானே சத்தமாக "ஏறுது" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

கியரைக் குறைத்தேன். எஞ்சினைத் திணறவிடாமல் ஒரே சீராக ஓட்டினேன். முள் முக்காலைத் தாண்டியதும் வேறு வழியில்லாமல் ஹீட்டரை முழு வேகத்தில் போட்டேன். ஏப்ரல் மத்தியான வெயிலில் ஹீட்டர் போட்டு ஓட்டுபவனைப் பார்த்தால் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பவேண்டிய கேஸ் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் எஞ்சினின் சூட்டில் கொஞ்சத்தை வண்டிக்குள் இழுத்துவிட அதுதான் வழி. ஜன்னல்களைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கால் வெந்தது. வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அப்படியும் முள் சிவப்பைத் தொட்டது. பானெட் விளிம்பில் ஆவி கசிந்தது.

மணி பன்னிரண்டே முக்கால். ஒரு வளைவில் சாலை அகலமாக இருந்த இடத்தில், காற்று முகத்தில் அடிக்கிற மாதிரி வண்டியைத் திருப்பி நிறுத்தி, எஞ்சினை அணைத்தேன். பானெட்டைத் தூக்கிக் கம்பி கொடுத்தேன். உள்ளே தண்ணீர் கொதிக்கும் கடமுடா சத்தம் கேட்டது. இனி காத்திருப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது. மூடியை இப்போது திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். குளிர்ந்த நீரை மேலே கொட்டினால் எஞ்சின் வெடிப்பு விடும். ரேடியேட்டரின் மேல் ரப்பர் ஹோஸைக் கையால் அழுத்தும்போது அது தளர்ந்து கொடுக்கும் வரை தொடக்கூடாது. எப்படிப் பார்த்தாலும் அரை மணி நேரம்.

ஒரு லாரி மேலேறி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்தார். வெற்றிலை நிறச் சட்டை, தொப்பை, கையில் ஒரு துண்டு.

"என்ன சார், கொதிக்குதா? தொறந்து தண்ணி ஊத்திடலாமா?"

"மூடியில கை வைக்காதே!"

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வைக்கல சார், வைக்கல. ஹீட்டர் போட்டுப் பாத்தீங்களா?"

நான் என் சட்டையைக் காட்டினேன். அவர் சிரித்தார்.

"எங்க போகணும்?"

"ரயில்வே ஸ்டேஷன். நாலு பத்துக்கு முன்னாடி."

"நான் அந்தப் பக்கந்தான் போறேன். ஏறுங்க. மூணரைக்கு ஸ்டேஷன் வாசல்ல எறக்கி விட்டுடறேன். வண்டிய நாளைக்கு வந்து எடுத்துக்கலாம்."

ஏறியிருக்க வேண்டும். எந்த மடையனும் ஏறியிருப்பான். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"வண்டிய விட்டுட்டு வர்ற பழக்கம் எனக்கு இல்ல."

"வண்டி பெருசா, போற காரியம் பெருசா சார்?"

"நீ கெளம்பு."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு போனார். லாரி வளைவில் மறைந்ததும் மலையில் ஒரு சத்தமும் இல்லை, எஞ்சின் ஆறும்போது இரும்பு சொடுக்கும் சின்னச் சத்தம் மட்டும். அந்த நிமிடம் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பொய் சொல்லவில்லை. லாரியைத் திருப்பி அனுப்பியதற்காக மட்டும் இல்லை. என் வாயிலிருந்து அந்தப் பேச்சு எவ்வளவு சுலபமாக வந்தது என்பதற்காக.

ஒன்றேகால் மணிக்கு ஹோஸ் தளர்ந்தது. தடித்த சாக்குத் துணியைப் போர்த்தி மூடியைக் கால் சுற்று திருப்பினேன். கடைசி ஆவி சீறி அடங்கிய பிறகு முழுதாகத் திறந்தேன். எஞ்சினைக் கிளப்பி, மெதுவாக ஓடவிட்டு, வெயிலில் சூடேறியிருந்த கேன் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். மூடினேன். முள் இறங்கியிருந்தது. ஆனால் எனக்குத் தெரியும், அடுத்த மூன்று வளைவில் அது திரும்ப ஏறும். உச்சிக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர். இப்படி இன்னும் இரண்டு தடவை நின்றால் ரயில் போய்விடும். நிற்காமல் ஓட்டினால் எஞ்சின் போய்விடும், பிறகு ரயிலும் போய்விடும்.

அப்போதுதான் வண்டியின் முகத்துக்கு எதிரே போய் நின்றேன். மலைக்காற்று அடங்கியிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. ஃபேன் சுற்றினால் முன்பக்கத்திலிருந்து காற்றை உள்ளே இழுக்க வேண்டும், அது பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். சட்டைப் பையில் டீக்கடை ரசீது ஒன்று இருந்தது. எடுத்து கிரில்லின் மேல் பிடித்துக் கையை விட்டேன். காகிதம் கிரில்லோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டவில்லை. பொத்தென்று என் செருப்பின் மேல் விழுந்தது. திரும்ப எடுத்து வைத்தேன். திரும்ப விழுந்தது.

முன்பக்கம் என்ன இருக்கு, வெறும் காத்து. நான் சொன்னதுதான். அந்தக் காற்றே இல்லை.

எஞ்சினை அணைத்துவிட்டு கிரில்லின் ஆறு திருகாணிகளையும் கழற்றினேன். உள்ளே ரேடியேட்டர் கறுப்பாகத் தெரிந்தது. விரலால் தொட்டேன். இரும்பின் சொரசொரப்பு இல்லை. வழவழவென்று இருந்தது. கறுப்பு பாலித்தீன் தாள். ரேடியேட்டருக்கும் கிரில்லுக்கும் நடுவில் இருந்த இடுக்கில், அளவெடுத்து வெட்டிய ஓர் அட்டையை யாரோ செருகி வைத்திருந்தார்கள். மேல் விளிம்பு குறுக்குச் சட்டத்துக்குக் கீழே நின்றுவிட்டதால் பானெட்டைத் திறந்து பார்த்தால் தெரியாது. கீழ்ப்பக்கம் முழுவதையும் அது மூடியிருந்தது. இழுத்தேன், வந்துவிட்டது.

வெளிப்பக்கம் பாலித்தீன் ஒட்டியிருந்தது. பின்பக்கம் வெறும் அட்டை. அதில் பேனாவால் கோடு போட்டு இரண்டு பத்தி எழுதியிருந்தது. 'போட்டது.' 'எடுத்தது.' என் மனைவியின் கையெழுத்து.

பதினோரு வரிகள், பதினோரு வருடம். நவம்பர் நான்கு, மார்ச் பதினைந்து. நவம்பர் ஒன்று, மார்ச் இருபது. ஓரத்தில் சின்னக் குறிப்புகள். 'முழுசும் மூடினால் அதிகமாகச் சூடாகிறது. மேலே ஒரு சாண் வெட்டியது.' 'இந்த வருஷம் பனி சீக்கிரம்.' 'இப்போது கால் குளிரவில்லை.'

நான் அங்கேயே ஜல்லியில் உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு குளிர்காலத்தில், "எஞ்சின் சூடாவே மாட்டேங்குது, ஹீட்டர்ல சில்லுன்னு காத்து வருது, கால் மரத்துப் போகுது" என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. "நாளைக்குப் பாக்கறேன்" என்று நான் சொன்னதும் ஞாபகம் வந்தது. நான் பார்க்கவே இல்லை. ரேடியேட்டருக்கு முன்னால் அட்டை வைத்துப் பனிக்காற்றைத் தடுத்தால் எஞ்சின் சீக்கிரம் சூடேறும் என்று அவள் யாரோ பஸ் டிரைவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பாள். அடுத்த குளிரிலிருந்து வண்டி பத்து நிமிடத்தில் சூடாகிவிட்டது. என் கைராசி, என் டியூனிங் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து அவள் அதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் வந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடைசி வரியில் 'போட்டது' பத்தியில் நவம்பர் இரண்டு என்று இருந்தது. 'எடுத்தது' பத்தி காலி.

கிரில்லை மாட்டினேன். எஞ்சினைக் கிளப்பி டீக்கடை ரசீதை வைத்துப் பார்த்தேன். பட்டென்று ஒட்டிக்கொண்டது. அட்டையைக் குஷன் மேல் வைத்துவிட்டு ஓட்டினேன். கணவாய் உச்சி வரை முள் நடுவை விட்டு ஒரு நூல் அசையவில்லை.

ஸ்டேஷனுக்குள் நான் ஓடியபோது மணி மூன்று ஐம்பத்தைந்து. பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் அவள் இரண்டு பைகளுடன் உட்கார்ந்திருந்தாள். மச்சான் பக்கத்தில் நின்றான். என்னைப் பார்த்ததும், "நான் தண்ணி வாங்கிட்டு வந்துடறேன்" என்று நகர்ந்தான். அவன் கையில் ஏற்கெனவே ஒரு முழு பாட்டில் இருந்தது.

அவள் முதலில் என் சட்டையைப் பார்த்தாள். "என்னங்க இது, குளிச்சிட்டு அப்படியே வந்தீங்களா?"

"ஹீட்டர் போட்டுட்டு வந்தேன்."

என் கக்கத்தில் இருந்த அட்டை அவள் கண்ணில் பட்டது. புருவம் சுருங்கியது.

"இதை இன்னும் எடுக்கலையா? ஏப்ரல் பாதி ஆயிடுச்சு."

"எனக்கு எப்படித் தெரியும்? நீ சொன்னாத்தானே."

"சொன்னேனே. கெளம்பற அன்னைக்கு சமையக்கட்டு வாசல்ல நின்னு சொன்னேன். நான் போறேன், இனிமே என்னால முடியல, மார்ச் நடுவுல ஜீப்புக்கு முன்னாடி இருக்கற அட்டைய மட்டும் எடுத்துடுங்கன்னு. நீங்க ம்முன்னு சொன்னீங்க."

எனக்கு அந்த "ம்" ஞாபகம் இருந்தது. மற்ற எதுவும் ஞாபகம் இல்லை. "இனிமே என்னால முடியல" என்று ஒருத்தி முப்பத்தோரு வருடத்துக்குப் பிறகு வாசலில் நின்று சொல்லியிருக்கிறாள், நான் ஈயம் உருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவள் கைப்பையில் துழாவி ஒரு பேனாவை எடுத்தாள். "எப்ப எடுத்தீங்க?"

"இன்னைக்கு. ஒன்றரை மணிக்கு."

"அப்ப நீங்களே எழுதுங்க."

பெஞ்சில் அட்டையை வைத்துக் குனிந்து, அவளுடைய பதினோராவது வரியில் 'எடுத்தது' பத்தியில் காலியாக இருந்த இடத்தில் ஏப்ரல் பதினான்கு என்று எழுதினேன். என் எழுத்து கோணலாக விழுந்தது. ரயில் வரும் அறிவிப்பு கேட்டது. வழியெல்லாம் தயார் செய்த "வா, போகலாம்" வெளியே வரவில்லை. அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தோன்றியது. வேறொன்று வெளியே வந்தது.

"என்னால தனியா இருக்க முடியல."

அவள் என்னைப் பார்க்கவில்லை. ரயில் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம்" என்றாள்.

அவ்வளவுதான். கேட்டுக்கொண்டாளா, கேட்கவே இல்லையா, சரி என்கிறாளா, போதும் என்கிறாளா, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முப்பத்தோரு வருடமாக அவளுக்கும் விளங்கியிருக்காது.

ரயில் நின்றது. மச்சான் பைகளைத் தூக்கி ஏற்றினான். அவள் படியில் ஏறி நின்று, பெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்ட அட்டையை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"நவம்பர் மொத வாரத்துல போடுங்க. பனிக்கு முன்னாடி. வெட்டின பக்கம் மேல வரணும்."

"சரி."

"போட்டா எனக்கு ஒரு போன் பண்ணுங்க."

இந்த முறை நான் "ம்" என்று சொல்லவில்லை. அவள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன். நவம்பர் முதல் வாரம், பனிக்கு முன்னாடி, வெட்டின பக்கம் மேலே, போட்டதும் போன். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

திரும்பும்போது கணவாயில் முள் நடுவிலேயே நின்றது. கோபப்பட வழியில் எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து, தையல் மிஷின் இருந்த இடத்தில், அந்த நான்கு வட்டங்களுக்கு நடுவில், எழுத்து தெரிகிற மாதிரி அட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தேன். நவம்பருக்கு இன்னும் ஆறரை மாதம் இருக்கிறது.